வட்டமாப் போட்ட நாற்காலிகள்

— அதான் சொல்றேனே சார், நான் மீட்டிங்குக்கு வரல. சாவி வாங்கினு போலாம்னு வந்தேன்.

— சரிண்ணே, ஓனர் அனுப்பினாரு, உங்க பேரு யேசுதாஸ். புரியுது. ஆனா மணி நாலே கால்தானே ஆகுது. ஆறு வரைக்கும் ஹால் எனக்குத்தான். சும்மா உட்காருங்க.

— ரகுராம் சார், இந்த மீட்டிங்க நீங்க இன்னியோட விட்டுடறீங்கன்னு சொன்னாங்க. நெஜமா?

— ஆமா. ஆறு ஞாயித்துக்கிழமை ஆச்சு, ஒரு ஆள் வரல. இன்னிக்கும் யாரும் வரலைன்னா மூடிடறேன்னு கேட்லயே எழுதி ஒட்டிட்டேன்.

— பார்த்தேன். கொஞ்சம் கஷ்டமாத்தான் இருந்துச்சு.

— ஆக்சுவலா எங்க தப்புன்னுதான் புரியல. நம்ம நீலசந்திரா ஏரியால வீடு வீடா நோட்டீஸ் குடுத்தேன். எந்த வயசு ஆம்பளையும் வரலாம், மனசு விட்டுப் பேசலாம்னு. வாசல்ல டப்பா வெச்சேன், பேரு, வயசு, பிரச்சனை எழுதிப் போடுங்கன்னு.

— போட்டாங்களா?

— மூணு பேர். ரெண்டு பேரு காவேரித் தண்ணி வரலைன்னு. ஒருத்தர் பேரே போடாம, தெருநாய்.

— அந்த நாய் நான்தான் சார் எழுதினேன்.

— நீங்களா?

— பிரச்சனைன்னு கேட்டா இன்னா எழுதறது. வாசல்ல வேற 'தனிமையில் வாடும் ஆண்களுக்கு'ன்னு பெருசா போர்டு. தெருவே பார்க்கும்போது அந்தப் படிய எவன் ஏறுவான்? நீங்க எதுக்கு இத ஆரம்பிச்சீங்க?

— எதுக்குன்னா... வெள்ளிக்கிழமை லேப்டாப்ப மூடினா, திங்கக்கிழமை ஒன்பதரை வரைக்கும் நான் வாயே திறக்கறதில்ல. போன வாரம் ஒரு ராங் நம்பர்காரர்கிட்ட நாலு நிமிஷம் பேசினேன். அவரே வெச்சிட்டாரு.

— வூட்ல யாரும் இல்லியா?

— சௌம்யா போயி ரெண்டு வருஷம் ஆச்சு.

— ஐயோ பாவம். ஒடம்புக்கு இன்னா?

— உயிரோடதாண்ணே இருக்கா. இதே ஊர்ல, ஒயிட்ஃபீல்டுல. டைவர்ஸ்.

— ம்.

— இதையும் மூடிட்டா அடுத்த ஞாயித்துக்கிழமை எங்க போறதுன்னு எனக்குத் தெரியல. சொல்லவே கூச்சமா இருக்கு.

— சார், ஒண்ணு கேக்கட்டா? நாற்காலிய ஏன் வட்டமா போட்டீங்க?

— ஒருத்தர் முகத்த ஒருத்தர் பார்த்துப் பேசத்தான்.

— அங்கதான் தப்பு. நான் கோலார் தங்கச் சுரங்கத்துல இருந்தவன். ஷிப்டு முடிஞ்சு மேல வர்ற கூண்டுல முப்பது பேரு தோளோட தோள் இடிச்சினு நிப்போம். இருட்டு. எவன் மூஞ்சியும் தெரியாது. பொண்டாட்டி சண்ட, பொண்ணு கல்யாணம், பயம், எல்லாம் அதுலதான் பேசுவோம். மேல வந்து வெளிச்சம் பட்டுச்சா, ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான். ஒக்கார வெச்சு மூஞ்சியப் பார்த்து சொல்லுன்னா எப்படி சார் வரும்?

— இத யாராவது முன்னாடியே சொல்லியிருக்கலாம்.

— ஜன்னலெல்லாம் சாத்தினு ஒக்காந்திருந்தீங்க.

— பேசறது வெளிய கேக்கக் கூடாதேன்னுதான்.

— இத தொறந்து பாருங்க. எதுத்தாப்ல பேக்கரி வாசல் தெரியுதா?

— தெரியுது. ஒரு பத்துப் பேர் நின்னுக்கிட்டு டீ குடிக்கறாங்க. எல்லாரும் ரோட்டையே பார்த்துட்டிருக்காங்க. ஆனா பேசறாங்க.

— கைல ஹெல்மெட் வெச்சினு கீறது ஹரிஷ்குமார். ஒக்கலிபுரத்துலேர்ந்து வராரு, அம்மா அனுப்பறாங்க. கம்பத்துல சாஞ்சினு கீறவரு கார்த்திகேசன். சம்சாரம் போனதுலேர்ந்து வூட்ல அடுப்பே பத்த வெக்கலையாம், ரோட்டப் பார்த்துனு எங்ககிட்ட சொன்னாரு.

— அவங்கள்லாம் யாருண்ணே?

— உங்க நோட்டீஸ என் சம்சாரம் மேரி என் சோத்துத் தட்டு பக்கத்துல வெச்சா. நானும் மீட்டிங்குக்குப் போறேன்னு மொத வாரமே கிளம்பிட்டேன். படி ஏற மனசு வரல, அந்த பேக்கரி வாசல்லயே நின்னுட்டேன். பார்த்தா பக்கத்துல நிக்கறவனும் அப்படித்தான்.

— அப்ப இந்த சாவி?

— ஓனர் யாரும் அனுப்பல சார். மேல வர ஒரு சாக்கு வேணும்ல. நீங்க மூடிட்டா வூட்ல இன்னா சொல்லினு கிளம்பறது? எல்லாருமா சேர்ந்து என்னப் போகச் சொன்னாங்க.

— ஆறு வாரமா ஒருத்தரும் வரலைன்னு நான் இங்க தனியா உட்காந்திருக்கேன்.

— ஆறு வாரமா எல்லாரும் வந்துனுதான் கீறோம் சார். நீங்க ஒருத்தர்தான் வரல.