பின்வரிசை நாற்காலி

— என் மனுவ எடுத்தாங்களா இல்லையா, அத மட்டும் மொதல்ல சொல்லுங்க அண்ணே.

— எடுத்தாவ ஷீலா, எடுத்தாவ. கொஞ்சம் மூச்சு விட்டுக்கிடுதேன். காலையில ஏழு மணிக்கு இந்த ஓட்டலுக்குள்ள நுழைஞ்சவன் இப்பத்தான் வெளிய வாரேன். நீ எப்ப வந்தே?

— எட்டரைக்கு. வாட்ச்மேன் உள்ள விடல. சரின்னு எதிர்ல இந்த பஸ் ஸ்டாப்புலயே உக்காந்துட்டேன். இங்கருந்து பாத்தா வாசல் தெரியுது. சாப்ட்டீங்களா?

— எங்க. எம்பிமாருக்குப் பந்தி விசாரிக்கவே சரியாப் போச்சு. பார்லிமெண்டுக் கமிட்டி, டெல்லியில இருந்து பதினஞ்சு பேரு. ஆளுக்கு ஒரு சால்வை, ஒரு பிள்ளையார், இந்த ஊருப் பலகாரம் பாக்கர்வடி ரெண்டு பெட்டி. பெட்டி அடுக்குறது நம்ம பொறுப்பு, பாத்துக்கோ.

— இந்தாங்க, டப்பால தயிர்சாதம் இருக்கு. உங்களுக்குன்னுதான் கட்டினேன். சாப்ட்டுக்கிட்டே சொல்லுங்க.

— நல்லாருக்கு. உன் கடை ருசி அப்படியே இருக்கு.

— கடை எங்க இருக்கு அண்ணே, ருசி இருக்க. நிக்டியில கேட்டரிங்காரன்கிட்ட சப்பாத்தி தேய்க்கிறேன். இன்னைக்கு லீவு கேட்டதுக்கே அவன் மூஞ்சிய அப்படி வச்சிக்கிட்டான். ஜாவு தே, அத விடுங்க. உள்ள என்ன நடந்துச்சு?

— சொல்லுதேன். மொதல்ல டூட்டி ஃப்ரீ கடையப் பத்தி ஒரு மணி நேரம். பெறவு விளம்பரப் பலகை. அரசாங்க ஏர்போர்ட்டு எடத்த எல்லாம் டெண்டர் விடாம ஒரே கம்பெனிக்கு ஏன் தூக்கிக் கொடுத்தீங்கன்னு ஒரு எம்பி நல்லாத்தான் கேட்டாரு. எங்க எம்.டி.க்கு வேர்த்துப் போச்சு. இன்னொருத்தரு, ஏர்போர்ட்டுல ஒரு காப்பி எரநூத்து எழுவது ரூவா விக்குதே, அதுல என்ன தங்கத்தையா கரைச்சு ஊத்துறீங்கன்னாரு. எல்லாரும் சிரிச்சாவ. எம்.டி.யும் சிரிச்சாரு. அதோட அந்தச் சூடு ஆறிப் போச்சு.

— நான் பதினஞ்சு ரூபாக்குக் கொடுத்தேன். லோடர்ஸ், டாக்சிக்காரங்க, கக்கூஸ் கழுவுற பொம்பளைங்க, எல்லாம் என்கிட்டதான் குடிச்சாங்க.

— தெரியும் ஷீலா. நானும் தானே குடிச்சேன்.

— எம்.டி. எல்லாத்துக்கும் அவராவே பதில் சொன்னாரா?

— அவருக்கு என்ன தெரியும், வந்து எட்டு மாசம் ஆவுது. அவரு முன்னால, நாங்க நாலு ஆபீசருங்க பின்னால. பதில் தெரியலன்னா திரும்பிப் பாப்பாரு. நாங்க சீட்டு எழுதி நீட்டணும். அவரு அத வாசிப்பாரு. அதான் வழக்கம். பின்வரிசைக்காரன் வாயத் தொறக்கப்படாது.

— அச்சா. என் மனு எப்ப வந்துச்சு?

— காப்பிக்குப் பெறவு. கமிட்டித் தலைவரே எடுத்தாரு. சோன்வாடி ஏர்போர்ட்டுல எட்டு வருசமா இருந்த பதினோரு சின்னக் கடைக்காரங்கள ஏன் வெளிய தள்ளுனீங்கன்னு கேட்டாரு. உன் பேரச் சொன்னாரு. ஏழாம் நம்பர் கடைன்னு சொன்னாரு.

— என் பேர அந்த ஹால்ல சொன்னாங்களா.

— சொன்னாவ.

— ரெனிட்டாகிட்ட சொல்லணும். பாவம், என் பொண்ணு நாலு தரம் மாத்தி மாத்தி டைப் பண்ணா அந்த மனுவ. அப்ப ஏழாம் நம்பர் திரும்பக் கெடைச்சிடுமா அண்ணே? எனக்கு வேற ஒண்ணும் வேணாம். அந்த ஆறுக்கு எட்டு எடம் போதும்.

— முழுசாக் கேளு. எம்.டி. என்ன சொன்னாருன்னா, நாங்க யாரையும் தள்ளல, பதினோரு பேரும் தானாவே காலி பண்ணுதோம்னு எழுதிக் கொடுத்திருக்காவ அப்படின்னாரு. சொல்லிட்டு, ஃபைல்ல இருந்து உன் கடுதாசிய எடுத்து மேசையில வச்சாரு.

— அரே, அது ரினிவல் பேப்பர்னு சொல்லித்தான் கையெழுத்து வாங்குனாங்கன்னு மனுல எழுதியிருக்கேனே.

— எழுதியிருக்க. அதனாலதான் கடுதாசிய நம்ம தமிழ்க்கார எம்பிகிட்ட நீட்டுனாவ.

— அவர் வந்திருந்தாரா? கமிட்டில ஒரு தமிழ்க்காரர் இருக்காருன்னு கேள்விப்பட்டதுல இருந்து எனக்குத் தூக்கமே இல்ல அண்ணே. நம்மாளு ஒருத்தர் இருக்காரு, புரிஞ்சிக்குவாருன்னு பக்கத்துக் கடை லலிதாகிட்ட கூட சொன்னேன்.

— வந்திருந்தாரு. கடுதாசி மொத்தமும் இங்கிலீசு, அடியில உன் கையெழுத்து மட்டும் தமிழு. கண்ணாடியப் போட்டுக்கிட்டு, சா. ஷீலான்னு வாசிச்சாரு. வாசிச்சுட்டுச் சிரிச்சாரு, சந்தோசமாத்தான். பூனாவுல இருந்துக்கிட்டு இவ்வளவு அழகாத் தமிழ் எழுதுறாங்களேன்னாரு.

— அப்புறம்?

— கையெழுத்து அந்தம்மாவோடதுதான்னு சொல்லி அடுத்த ஆளுகிட்ட தள்ளிட்டாரு.

— எனக்கு அது ஒண்ணுதான் அண்ணே எழுதத் தெரியும். அதுக்கு மேல இருந்த இங்கிலீஷ வாசிக்கத் தெரிஞ்சிருந்தா நான் ஏன் போடப் போறேன். இத அவர் கேக்கலையா?

— கேக்கல. தலைவர்தான் ஒண்ணு கேட்டாரு.

— என்ன கேட்டாரு?

— ஏமாத்தி வாங்குனாங்கன்னு இந்தம்மா எழுதியிருக்காங்க, சரி, யாரு வாங்குனதுன்னு எழுதலையேன்னாரு. ஒருத்தர் வந்தார், ஒருத்தர் சொன்னார்னுதான் இருக்கு, ஆளு பேரு எங்கன்னாரு. எம்.டி. அதக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டாரு. பேரில்லாத புகாருக்கு நான் எப்படிப் பதில் சொல்லன்னு கேட்டாரு. தலைவர் பக்கத்தத் திருப்பிட்டாரு. அடுத்தது பார்க்கிங்.

— அவ்வளவுதானா?

— அவ்வளவுதான்.

— இன்னொரு தடவ கூப்பிட்டுக் கேக்க மாட்டாங்களா?

— இதான் கடைசிக் கூட்டம். சாயங்காலம் பிளேன் ஏறிருவாவ. அறிக்கையில, கமிட்டி கவலையுடன் பார்க்கிறதுன்னு ஒரு வரி வரும். அதுக்கு எங்க ஆபீசுல இருந்து, கவனத்தில் கொள்ளப்பட்டதுன்னு ஒரு வரி போவும். அத எழுதப் போறவனும் நான்தான். முப்பது வருசமா அத எழுதித்தான் என் பேனா தேஞ்சுது.

— லலிதாவுக்கு நான் என்ன சொல்றது. ஜெயந்துக்கு என்ன சொல்றது. அவங்கல்லாம் பேப்பரப் பாத்தா போட்டாங்க? நான்தான் கடை கடையா போயி, நம்ம இன்பநாதன் அண்ணன் கொடுத்தது, எங்க சர்ச்காரரு, ஏர்போர்ட் ஆபீசரு, பயப்படாம போடுங்கன்னு மராத்தில சொல்லிச் சொல்லி வாங்கினேன்.

— அத ஏன் இப்ப எடுக்க. எனக்கு மட்டும் தெரியுமா? ஆறு வருசமா உன்கிட்ட சொல்லிக்கிட்டுதான இருக்கேன். மேல இருந்து கட்டாக் கொடுத்தாவ, ரினிவல்னாவ. எல்லாத்தையும் வாசிக்க எங்க நேரம். நம்பிக் கொண்டாந்தேன். உன்னய ஏமாத்துன மாதிரிதான் என்னயும் ஏமாத்துனாவ.

— ஜாவு தே அண்ணே. முடிக்கும்போது தலைவர் வேற எதுவும் கேக்கலையா? பின்னால உக்காந்திருந்த உங்கள?

— கேட்டாரு. எந்திரிக்கும்போது, பின்னால இருக்கிற அதிகாரிங்க யாராவது ஏதாவது சேத்துச் சொல்லணுமான்னு கேட்டாரு. அது மரியாதைக்குக் கேக்குறது. யாரும் பேச மாட்டாவ.

— உங்களப் பாத்தாரா?

— எல்லாரையும்தான் பாத்தாரு. நாங்க ஃபைலக் கட்டிக்கிட்டு இருந்தோம். எனக்கு ரிட்டயர்மெண்டுக்கு ஏழு மாசம் இருக்கு ஷீலா. வீட்டுல கெசியாவுக்கு வாரம் ரெண்டு தடவ டயாலிசிஸ், அது கம்பெனி கொடுக்குற ஆஸ்பத்திரிச் சீட்டுலதான் ஓடுது. நான் அங்க வாயத் தொறந்து என்னத்தக் கிழிச்சிரப் போறேன், சொல்லு.

— அக்கா போன ஞாயித்துக்கிழம சர்ச்சுக்கு வரலியே.

— கால் வீங்கிப் போச்சு. நடக்க முடியல. எனக்கு மனசே சரியில்ல, பாத்துக்கோ. அந்தா கட்கி பஸ் வருது. வா, டிக்கெட் நான் எடுக்கேன்.

— நீங்க போங்க அண்ணே.

— ஏம்மா, ரெண்டு பேருக்கும் ஒரே ஸ்டாப்புதான.

— போன வருஷம் ஆர்டிஐ போட்டு அந்த ஃபைலோட காப்பி வாங்கிட்டேன் அண்ணே. உங்ககிட்ட சொல்லல. ரெனிட்டா பக்கம் பக்கமா வாசிச்சு சொன்னா. ஒரு பக்கத்துல நீங்க கைப்பட எழுதின நோட்டு இருந்துச்சு. பதினோரு பேருக்கும் அவங்க பாஷைலயே விளக்கிச் சொல்லிட்டேன், காலி பண்ண சம்மதிச்சு கையெழுத்துப் போட்டுட்டாங்கன்னு.

— அது, எல்லாம் முடிஞ்ச பெறவு ஃபைலுக்காக எழுதச் சொன்னாவ. எனக்கும் அப்பத்தான் தெரியும்.

— நோட்டுல சனிக்கிழமைத் தேதி அண்ணே. நீங்க சர்ச் வாசல்ல என்கிட்ட பேப்பர நீட்டுனது மறுநாள், ஞாயித்துக்கிழம.

— ஷீலா.

— டப்பா உங்ககிட்டயே இருக்கட்டும். அக்காவப் பாக்க வரும்போது வாங்கிக்கிறேன்.

— இம்புட்டும் தெரிஞ்சு வச்சுக்கிட்டு மனுவுல ஏன் எழுதல? அந்த ஒரு பேரு இல்லாமத்தான எல்லாம் போச்சு.

— ரெனிட்டா நாலு தரமும் உங்க பேரத்தான் அடிச்சா. நாலு தரமும் நான்தான் எடுக்கச் சொன்னேன், அண்ணன் பின்னாலதான உக்காந்திருப்பாரு, கேட்டா அவரே எந்திரிச்சு சொல்லிடுவாருன்னு.