கை மட்டும் தெரியுது

இலக்கியா: மணி ஏழு அம்பது. இன்னும் பத்தே நிமிஷம். நெட் ஸ்பீடு எவ்ளோ வருது?

ஜெயசீலன்: அப்லோடு ஆறு. அசையாம நிக்குது.

இலக்கியா: அது போதுமா?

ஜெயசீலன்: நாலு இருந்தாலே ஸ்கூல் திரையில பூநாரையோட கால் தனியாத் தெரியும். ரெண்டுக்குக் கீழ போச்சுன்னா பூநாரையும் உப்பும் ஒண்ணு.

இலக்கியா: இந்த டிபன் பாக்ஸுக்குள்ளயா இவ்ளோ விஷயம்?

ஜெயசீலன்: டிபன் பாக்ஸ் வெறும் சட்டை. உள்ள இருக்கறதுதான் கம்ப்யூட்டர். சீட்டுக்கட்டு அளவு. உப்புக்காத்துல துரு புடிச்சிடும்னு மூடி வச்சிருக்கேன்.

இலக்கியா: சுடுதுடா.

ஜெயசீலன்: விசிறு. சூடானா வேகத்தைக் குறைச்சிக்கும்.

இலக்கியா: எதால விசிற?

ஜெயசீலன்: உப்புக் குவியலை மூடியிருக்குதே ஓலை… அதுல ஒண்ணு உருவு.

இலக்கியா: பலராமன் அண்ணன் திட்டுவாரு. அவர் உப்பு.

ஜெயசீலன்: அவர்தான் இடமே குடுத்தாரு. குவியல் மேல ஏறி ஆன்டெனா நட்டதும் அவருதான். அந்த உச்சிக்குத்தான் டவர் நேராத் தெரியுது. விசிறு, விசிறு.

இலக்கியா: காலங்காத்தால வரப்புல உக்காந்து கம்ப்யூட்டருக்கு விசிறிக்கிட்டு இருக்கேன். எங்க வீட்டுல பாத்தா…

ஜெயசீலன்: பாத்தா?

இலக்கியா: ஒண்ணுமில்ல. மைக் ஆஃப்தானே?

ஜெயசீலன்: மைக்கே மாட்டல. காத்து இரையும், படம் மட்டும் போதும்னு ஸ்கூல்ல சாலமன் சார் சொல்லிட்டாரு.

இலக்கியா: நேத்து சாயங்காலம் ஒண்ணுகூடத் தாண்டல. இப்ப எப்படி ஆறு?

ஜெயசீலன்: சாயங்காலம் ஊரே போன் பாக்கும். இப்ப எல்லாரும் பாத்தியில உப்பு வாருறாங்க. டவர் நமக்கே நமக்கு.

இலக்கியா: எல்லாரும்… வாருறாங்க இல்ல? ஆமாமா.

ஜெயசீலன்: இரு, போன். சாலமன் சார். ஸ்பீக்கர்ல போடறேன்.

சாலமன்: சீலா! இங்க ஆரோவில்ல பசங்க எல்லாம் உக்காந்தாச்சு. பெரிய திரையில வருதுப்பா. எத்தன பூநாரை! ஒரு வாண்டு எழுந்து திரையத் தொட்டுப் பாக்குது.

ஜெயசீலன்: சார், அரைமணி நேரம் பாருங்க சார். அசையாது.

சாலமன்: அதான் வேணும். அரைமணி நேரம் அறுபடாம வந்துட்டா, சீசன் முழுக்க எங்க ஸ்கூலுக்கு நீங்க ரெண்டு பேருந்தான் காட்டப் போறீங்க. முடிவு பண்றவங்க என் பக்கத்துலதான் இருக்காங்க. வச்சிடறேன்.

இலக்கியா: சீசன் முழுக்க!

ஜெயசீலன்: கத்தாத. பறந்துடும்.

இலக்கியா: அப்ப ஒரகடம் கம்பெனி வேலை?

ஜெயசீலன்: இது ஓடினா போக மாட்டேன். ஓடலன்னா திங்கக்கிழமை பஸ் ஏறணும். அப்பா பை தூக்கி வாசல்ல வச்சிட்டாரு.

இலக்கியா: ஓடும். ஓடித்தான் ஆகணும்.

ஜெயசீலன்: உனக்கென்ன அவ்ளோ அக்கறை?

இலக்கியா: எனக்கும் இது வேலைதானே… கேமரா லென்ஸ்ல தண்ணி தெறிச்சிருக்குது பாரு, துடை.

ஜெயசீலன்: ம்… ஆச்சு.

இலக்கியா: ஏய்! இருபது பேரு பாக்குறாங்க.

ஜெயசீலன்: இருபதா? ஸ்கூல்ல ஒரே திரைதானே. லிங்க்கும் அவங்ககிட்ட மட்டும்தானே…

இலக்கியா: வெளிநாட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. ஆரோவில்தானே.

ஜெயசீலன்: இருக்கும். இருக்கும்.

இலக்கியா: நாப்பது! நாப்பத்தெட்டு! டேய், உலகமே பாக்குதுடா!

ஜெயசீலன்: குதிக்காத, வரப்பு ஆடுது. ஸ்டாண்டு சாஞ்சிடும்.

இலக்கியா: நீயுந்தான் குதிக்கிற… கமெண்ட் வந்திருக்குது. ‘கை மட்டும் தெரியுது. முகம் எப்போ?’

ஜெயசீலன்: எதோட முகம்?

இலக்கியா: பூநாரையோடதா இருக்கும்.

ஜெயசீலன்: பூநாரைக்கு ஏது கை?

இலக்கியா: ரெக்கையச் சொல்றாங்க. வெளிநாட்டுக்காரங்களுக்கு என்ன தெரியும்?

ஜெயசீலன்: தமிழ்ல எழுதியிருக்குது?

இலக்கியா: பாண்டிச்சேரியிலேர்ந்து பிரான்ஸ் போனவங்களா இருக்கும்.

ஜெயசீலன்: ஓ.

இலக்கியா: இன்னொண்ணு… ‘நல்ல உயரமா?’

ஜெயசீலன்: உயரம்தான். காலே ஒரு ஆளு இடுப்பு வரைக்கும் வருமே. அப்படியே பதில் போடு.

இலக்கியா: ஐயோ, வேணாம்.

ஜெயசீலன்: அப்ப கமெண்ட்டை மூடு.

இலக்கியா: ஏன்?

ஜெயசீலன்: அதுவும் டேட்டாதான். மூடு. சொன்னாக் கேளு.

இலக்கியா: மூடிட்டேன். ஏன் இப்படி வேர்க்குது உனக்கு?

ஜெயசீலன்: அப்லோடு மூணு.

இலக்கியா: ஆறு இருந்துதே!

ஜெயசீலன்: ரெண்டரை… ரெண்டு… விசிறு!

இலக்கியா: கை ஒடியுது. இனிமே இதுக்குச் சளிதான் புடிக்கும்.

ஜெயசீலன்: சூடு இல்ல. கம்ப்யூட்டர் சும்மா ஜில்லுன்னு இருக்குது. அடுத்த சிம்முக்கு மாத்தறேன்… இதுவும் அப்படித்தான். ஒண்ணே முக்கால்.

இலக்கியா: சாலமன் சார் கூப்புடறாரு.

சாலமன்: சீலா, நின்னு போச்சுப்பா! ஒரு பறவை ஒத்தக் கால்ல நிக்குது, நின்னுக்கிட்டே இருக்குது.

ஜெயசீலன்: சார், அது நெசமாவே அப்படித்தான் நிக்கும் சார்.

சாலமன்: தண்ணியும் நின்னு போச்சே! பசங்க சிரிக்கிறாங்க. அஞ்சு நிமிஷம் பாப்பேன். அதுக்கு மேல எடுத்துச் சொல்ல எனக்கு வாய் இல்ல.

ஜெயசீலன்: சரி பண்ணிடறேன் சார்… வச்சிட்டாரு. எப்படிக் குறையும்? எல்லாரும் வேலையில இருக்கற நேரம்…

இலக்கியா: சீலா.

ஜெயசீலன்: என்ன?

இலக்கியா: எதிர் வரப்பைப் பாரேன்.

ஜெயசீலன்: எங்க… என்ன இது? உப்பு வாருற பலகையெல்லாம் பாத்தியில கெடக்குது. வரிசையா உக்காந்து என்ன பண்றாங்க? எல்லார் கையிலயும் போனு!

இலக்கியா: நம்மளத்தான் பாக்குறாங்க.

ஜெயசீலன்: நம்மளயா? தலையத் தூக்கினாலே நாம தெரிவோமே!

இலக்கியா: தூக்க மாட்டாங்க. நேர்ல பாக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கேன்.

ஜெயசீலன்: யார்கிட்ட?

இலக்கியா: நடுவுல நீலச் சேலை… எங்க அம்மா. லிங்க் குடுத்தேன். அம்மாவுக்கு மட்டும்தான் குடுத்தேன். அவங்க, கூட வேலை செய்யறவங்க எல்லாருக்கும் குடுத்து… அவங்க அவங்க சொந்தக்காரங்களுக்கும்…

ஜெயசீலன்: ஒரே டவர் இலக்கியா! நாம அனுப்பற வாசல்லயே அவங்க வாங்கறாங்க. உங்க அம்மாவுக்கு எதுக்குப் பூநாரை? தெனம் அது நடுவுலதானே வேலை செய்யறாங்க!

இலக்கியா: பூநாரை பாக்க வரல.

ஜெயசீலன்: பின்ன?

இலக்கியா: ஒரு பையன் இருக்கான்னு சொன்னேன். ‘ஆளைப் பாக்காம எப்படி?’ன்னாங்க.

ஜெயசீலன்: எந்தப் பையன்?

இலக்கியா: மண்டு. இந்த வரப்புல எத்தன பையன் இருக்கான்?

ஜெயசீலன்: நானா!

இலக்கியா: உன்கிட்ட சொல்லணும்னுதான்… அதுக்குள்ள அம்மாகிட்ட சொல்லிட்டேன். சிரிக்காத. நேரமில்ல. போ, கேமரா முன்னாடி நில்லு.

ஜெயசீலன்: எதுக்கு?

இலக்கியா: உன்னைப் பாத்துட்டா போனை மூடிட்டு வேலைக்குப் போயிடுவாங்க. போடா!

ஜெயசீலன்: ஸ்கூல்லயும் தெரிவேனே!

இலக்கியா: அங்க நின்னு போய்த்தானே கெடக்குது. போ… இன்னும் தள்ளி. தலை தெரியல. முடிய ஒதுக்கு.

ஜெயசீலன்: சிரிக்கட்டுமா?

இலக்கியா: இவ்ளோ வேணாம். கொஞ்சமா. அப்படியே நில்லு, அவங்களுக்குத் திக்கித் திக்கித்தான் போகும்… ஆங்! எழுந்துட்டாங்க!

ஜெயசீலன்: யாரு? நான் திரும்பக் கூடாது, சொல்லு!

இலக்கியா: எல்லாரும்! பலகையைத் தூக்கிட்டாங்க. அம்மா போனை இடுப்புல சொருகிட்டாங்க. டேய்… அம்மா வாயப் பொத்திக்கிட்டு சிரிக்கிறாங்க!

ஜெயசீலன்: நல்ல சிரிப்பா, கெட்ட சிரிப்பா?

இலக்கியா: நல்ல சிரிப்பு! ரெண்டு… ரெண்டரை… மூணு! ஏறுதுடா! மூணு… மூணுலயே நிக்குது.

ஜெயசீலன்: எத்தன பேரு பாக்குறாங்க?

இலக்கியா: நூத்தியிருபது இருந்துது… இப்ப அறுபது. எங்க ஆளுங்க எல்லாரும் பாத்திக்குள்ள எறங்கிட்டாங்களே. இந்த அறுபது யாரு? நெசமாவே பிரான்ஸா?

ஜெயசீலன்: பிரான்ஸ் இல்ல. எங்க பஜார் தெரு. எங்க அம்மாவும் கேட்டாங்க… ‘அந்தப் பொண்ணை ஒரு தடவை கண்ணுல காட்டுடா’ன்னு. நேத்து ராத்திரியே லிங்க் அனுப்பிட்டேன். உன் முகத்தப் பாக்காம அவங்க மூட மாட்டாங்க, இலக்கியா… ஓலையக் கீழ வச்சிட்டு, இங்க வந்து என் பக்கத்துல நிக்கிறியா?