யோவானாவின் குரலை அழித்த கை

தலைமை ஏற்றிருக்கும் நகர நூலகர், எத்தனையோ ஏழை வீட்டுக் கைகளில் எழுத்தை ஏந்தக் கொடுத்த தோன் நோர்பெர்த்தோ காஸ்த்ரில்லோ அவர்களே! முன்வரிசையில் மடிக்கணினியை மழலையைப் போல் மடியில் வைத்து அமர்ந்திருக்கும் மூத்தோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு, கடையைச் சாத்திவிட்டு, கால் கடுக்க நடந்து வந்திருக்கும் தாய்மார்களே! மலைச்சரிவுகளிலிருந்து முதல் பேருந்து பிடித்து வந்த ஆசிரியப் பெருமக்களே! விடிந்ததிலிருந்து மேசை தூக்கி, மின்கம்பி இழுத்து, வியர்த்து நிற்கும் என் தொண்டர் தோழர்களே! திராட்சை மணக்கும் தாரிஹா நகரத்துப் பெருமக்களே! உங்கள் அனைவருக்கும் லிசாந்த்ரோ அராமாயோவின் தலை தாழ்ந்த வணக்கம்.

ஏப்ரல் வந்தால் இந்தப் பள்ளிக்கூட மண்டபத்தில் நம் நிறுவல் திருவிழா. பழைய கணினி வரும். புதிய இயங்குதளம் ஏறும். போகும்போது அது பாய்ந்து ஓடும். ஒன்பது ஆண்டுகளாக இதே மேடையில் நான் முழங்கியிருக்கிறேன். "வாங்கும்போதே உள்ளே குடியேறி வருகிற இயங்குதளத்தை ஏன் சுமக்கிறீர்கள்? அது என்ன செய்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? எங்கே அனுப்புகிறது என்று தெரியுமா? லினக்ஸுக்கு மாறுங்கள்! அது உங்களிடம் எதையும் மறைக்காது!" என்றேன். நீங்களும் கைதட்டினீர்கள்.

மறைக்காத மென்பொருள் என்று மார்தட்டினேனே, மறைக்காத மனிதனாக நான் இருந்தேனா? இல்லை. இன்று அதைச் சொல்லத்தான் ஏறியிருக்கிறேன்.

பின்வரிசையில் யாரோ சிரிக்கிறீர்கள். சிரியுங்கள் ஐயா, தவறில்லை. இந்த மேடையில் நான் சிரிக்க வைத்தே பழகியவன். ஆனால் இன்று என்னிடம் சிரிப்பு இல்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன், இதே திருவிழா. இதோ இந்தச் சன்னல் ஓரம் என் மேசை. என் முன்னால் பதின்மூன்று பேர் வரிசை. அந்த வரிசையில் வந்தவர் தோன்யா காசில்தா. சந்தையில் மூலிகை விற்கும் அம்மையார். உங்களில் பாதிப் பேருக்கு இருமல் தீர்த்தவர். அவர் கொண்டுவந்த மடிக்கணினி அவருடையதன்று. அவர் மகள் யோவானாவுடையது.

யோவானா யார்? லா அகுவாதா கிராமத்துப் பள்ளி ஆசிரியை. கொள்ளைநோய் வந்து பள்ளிகள் பூட்டப்பட்டபோது அந்தப் பெண் என்ன செய்தாள்? இணையம் சரிவர எட்டாத ஊர். படம் பிடித்து அனுப்பினால் போய்ச் சேராது. ஆகவே பாடத்தைக் குரலாகப் பேசிப் பதிவு செய்தாள். அம்மா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, நாளுக்கு ஒன்றாகப் பேசி, பெற்றோரின் தொலைபேசிகளுக்கு அனுப்பினாள். பிள்ளைகள் அந்தக் குரலைக் கேட்டு எழுதினார்கள். கணக்குப் படித்தார்கள். கதை கேட்டார்கள். அடுத்த ஆண்டு அதே நோய் அவளைக் கொண்டுபோயிற்று. வயது இருபத்தொன்பது.

மிஞ்சியது அந்தக் கணினி. காலையில் சந்தைக்குப் போகுமுன் தோன்யா காசில்தா அதைத் திறப்பார். ஒரு பாடம் கேட்பார். மகள் யாரையோ அதட்டுவாள், ஏதோ ஒரு கணக்கைத் திரும்பத் திரும்பச் சொல்வாள், தும்முவாள். கேட்டுவிட்டு மூலிகைக் கூடையைத் தூக்குவார். ஆனால் கணினி நாளுக்கு நாள் நகர மறுத்தது. கூடவே வந்த இயங்குதளம் கொழுத்துப் பெருத்து, திறக்கவே அரைமணி நேரம். ஒருநாள் பாதிப் பாடத்தில் நின்றும்போனது. மகள் குரல் தடையின்றி வர வேண்டும் என்றுதான், அதற்காக மட்டும்தான், அந்தத் தாய் என்னிடம் வந்தார்.

"தம்பி, எல்லாம் மாத்து. எனக்கு ஒண்ணும் வேண்டாம். யோவானா பேசினது மட்டும் போயிரக் கூடாது. அத முதல்ல எடுத்து வெச்சுட்டியா?"

"எடுத்தாச்சும்மா, எடுத்தாச்சு. பென் டிரைவ்ல பத்திரமா இருக்கு. நீங்க போய் எம்பனாதா சாப்டுட்டு வாங்க, அதுக்குள்ள உங்க மெஷின் குதிரை மாதிரி ஓடும்!"

எடுத்தேனா? ஆவணங்கள் எடுத்தேன். படங்கள் எடுத்தேன். வட்டின் இரண்டாம் பகுதியில் 'வகுப்பு' என்று ஒரு கோப்புறை இருந்தது. அங்கே நான் போகவே இல்லை. ஏன் போகவில்லை? பக்கத்து மேசைக்காரனிடம் வேடிக்கை பேசிக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான். அதற்கு மேல் அழகான காரணம் என்னிடம் இல்லை. திரை கேட்டது: பழையதன் பக்கத்திலே நிறுவவா, வட்டு முழுவதையும் அழித்துவிட்டு நிறுவவா? முழுவதையும் அழி என்று அழுத்தினேன். உறுதிதானா என்று இன்னொரு முறை கேட்டது. அந்த இயந்திரம் இரண்டு முறை கேட்டது பெருமக்களே! நான் ஒருமுறைகூட யோசிக்கவில்லை.

தோன்யா காசில்தா திரும்பி வந்தார். பொத்தானைத் தொட்டதும் திரை பளிச்சென்று விழித்தது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"சரி தம்பி, இப்ப அவ பேசறதப் போடு."

பென் டிரைவைத் திறந்தேன். தேடினேன். மறுபடி தேடினேன். அந்தத் தாய் திரையைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது நான் சொன்ன சொல் இருக்கிறதே, அதை என் வாயாலேயே மறுபடி சொல்கிறேன், கேளுங்கள்.

"குரலெல்லாம் உள்ளேதாம்மா இருக்கு. பழைய வகைப் பதிவு. இதுல திறக்க ஒரு சின்ன மென்பொருள் வேணும். அடுத்த வாரம் கொண்டுவந்து போட்டுத் தரேன்."

"அவ்ளோதானே? நான் பயந்தே போயிட்டேன் பா. இந்தா, பிடி." வெள்ளைப் பாகு பூசிய ரோஸ்கெத்தே ஒன்றை என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

அதை நான் தின்றேன் தாய்மார்களே. தின்றேன்.

அடுத்த வாரம் வந்தது. அடுத்த மாதம் வந்தது. அடுத்த ஆண்டும் வந்தது. சந்தையில் பார்த்தால் கேட்பார்: "வந்துருச்சா தம்பி அந்த மென்பொருள்?" "இன்னும் இல்லம்மா, சொல்லி வெச்சிருக்கேன்." கோபப்பட்டாரா? இல்லை. நான் நடத்தும் சனிக்கிழமை வகுப்பில் வந்து சேர்ந்தார். அறுபத்தொரு வயதில் சுட்டியைப் பிடிக்கப் பழகினார். கோப்புறை எது, கோப்பு எது, வட்டில் எவ்வளவு இடம் என்று கேட்டுக் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதினார். என் வாயில் வரும் ஒவ்வொரு சொல்லையும் அவர் எழுதியபோது, எனக்கு வகுப்பறை வாசல்தான் கண்ணில் தெரிந்தது, ஓடிவிடலாமா என்றிருந்தது.

சென்ற ஆண்டு, மே மாதம், ஒரு ஞாயிறு முற்பகல். வீட்டுக்கு வரச் சொன்னார். போனேன். சாய்சே சமைக்கப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். பட்டாணிச் சட்டிக்குப் பக்கத்தில் யோவானாவின் கணினி திறந்திருந்தது.

"உக்காரு. உன் வகுப்புல சொன்ன மாதிரியே ஒவ்வொண்ணா திறந்து பாத்தேன். மறைஞ்சிருக்கற கோப்பெல்லாம் காட்டச் சொல்லியும் பாத்தேன். ரெண்டு நாள் பாத்தேன். நீதானே சொன்ன, இது எதையும் மறைக்காதுன்னு?"

"ஆமாம்மா."

"அப்போ என் பொண்ணு எங்க?"

மண்டபமே, சொல்! ஒன்பது ஆண்டுப் பேச்சில் எந்த வரி எனக்கு உதவும்? சொன்னேன். அழித்தது நான்தான் என்று சொன்னேன்.

அவர் உரிப்பதை நிறுத்தவில்லை. ஒரு காய், இன்னொரு காய்.

"எப்பலேருந்து உனக்குத் தெரியும்?"

"அன்னிக்கேம்மா. அந்த மேசையிலேயே."

"அப்ப நான் சந்தைல கேட்டப்பல்லாம்..."

"தெரியும்மா."

"கிளம்பு."

அவ்வளவுதான் சொன்னார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பத்தொன்பது நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். குரலில் ஈரம் இல்லை. "அந்தப் பாடத்தையெல்லாம் அவ லா அகுவாதாக்கு அனுப்பினா. அவங்க போன்ல இருக்கும். உள்ளேதான் இருக்குன்னு நீ சொன்னதால நான் அவங்ககிட்ட கேக்கவே இல்ல. நாளைக்கு முதல் பஸ். நீ வர்ற."

போனோம். பேருந்தில் அவர் முன் இருக்கை. நான் பின் இருக்கை. லா அகுவாதாவில் வீடு வீடாக ஏறினோம். டீச்சரம்மாவின் அம்மா வந்திருக்கிறார் என்று ஊரே வாசலுக்கு வந்தது. கையைப் பிடித்துக்கொண்டு அழுதது. ஆனால் தொலைபேசிகள்? ஒருவர் விற்றுவிட்டார். ஒருவருடையது வாய்க்காலில் விழுந்துவிட்டது. ஒருவர் இடம் இல்லை என்று எல்லாவற்றையும் நீக்கிவிட்டார். ஒரு தகப்பன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிசைந்துகொண்டே சொன்னார்:

"போன கிறிஸ்துமஸ் வரைக்கும் எல்லாம் இருந்துச்சும்மா. அறுபது பாடத்துக்கு மேல. பையன் போட்டுக் கேட்டுக்கிட்டே இருப்பான். போன் செத்துப் போச்சு, தூக்கிப் போட்டுட்டோம். நீங்க தேடறீங்கன்னு யாராச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

தோன்யா காசில்தா திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை இந்த மண்டபத்தில் எப்படி விவரிப்பேன்? கணினியில் நான் அழித்தது ஒரு பிரதி. ஊரில் இருபது வீட்டில் இருபது பிரதிகள் இருந்தன. அன்றே உண்மையைச் சொல்லியிருந்தால், மறுநாளே முதல் பேருந்தில் ஏறியிருந்தால், அத்தனையும் கிடைத்திருக்கும். விரல் செய்த பிழை ஒரு நொடி. நாக்கு செய்த பிழை இரண்டு ஆண்டு. மகளை அந்தத் தாயிடமிருந்து இரண்டாம் முறை பறித்தது எது? என் நாக்கு பெருமக்களே, என் நாக்கு!

கடைசி வீடு நிகோலாசா என்ற பெண்ணுடையது. அலமாரி இழுப்பறையில் நூற்கண்டுகளுக்கு அடியில் கண்ணாடி நொறுங்கிய பழைய தொலைபேசி ஒன்று கிடந்தது. மின்னூட்டம் ஏறக் காத்திருந்தோம். திரை ஒளிர்ந்தது. ஒரே ஒரு பதிவு இருந்தது. ஐம்பத்தொரு விநாடி.

"பிள்ளைங்களா, நேத்து ஆறு எங்க பொறக்குதுன்னு பாத்தோம். இன்னிக்கு அது எங்க போகுதுன்னு பாப்போம். ரூபேன், நீ ஜன்னலப் பாத்துக்கிட்டிருப்பேன்னு எனக்குத் தெரியும். நோட்ட எடு..." என்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டே போகிறாள். சிரிக்கிறாள். பின்னால் தூரத்தில் இன்னொரு குரல் கேட்கிறது: "யோவானா, சூப் ஆறுது பாரு!" அது தோன்யா காசில்தாவின் குரல். பாடம் நடுவிலே நிற்கிறது. "இதோ வரேம்மா," என்கிறாள் மகள். அங்கே முடிகிறது பதிவு.

அந்தத் தாய் குனிந்தார். பிறகு மெல்ல, தொலைபேசியைப் பார்த்து, பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்கும் குரலில் சொன்னார்: "வா."

இல்லை, கைதட்டாதீர்கள். கைதட்டும் இடம் அல்ல இது.

திரும்பும் பேருந்தில் என் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தார். "அடுத்த திருவிழால என்ன பேசப் போற?"

"இனிமே பேசறதா இல்லம்மா."

"பேசணும். நடந்தத நடந்தபடி சொல்லு. என் பேரச் சொல்லு, அவ பேரச் சொல்லு, உன் பேரையும் சொல்லு. இந்தப் பசங்க எல்லாம் கேக்கட்டும்."

"என்ன மன்னிச்சிருங்கம்மா."

"அத இப்பக் கேக்காத," என்றார். சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆகவே சொல்லிவிட்டேன், சபையோரே. இன்று வாசலருகே முதல் மேசையில் உட்கார்ந்திருப்பவர் அவர்தான். அவரைத் தாண்டாமல் எந்தக் கணினியும் உள்ளே வராது. "எது தொலைஞ்சா நீங்க அழுவீங்க? அத வேற மெஷின்ல திறந்து, என் கண்ணு முன்னால காட்டுங்க" என்று கேட்பார். காட்டிய பிறகுதான் உங்கள் கையில் சீட்டு தருவார். முதியவர் முணுமுணுக்கலாம், அவசரக்காரர் அலுத்துக்கொள்ளலாம், அவர் அசையமாட்டார்.

என் தொண்டர் தோழர்களே! இயங்குதளத்தை மாற்றுங்கள், அதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. ஆனால் உங்கள் முன் வந்து வைக்கப்படுவது வெறும் வட்டு என்று நினைக்காதீர்கள். அதில் ஒருவருடைய வாழ்வு கிடக்கிறது. கை தவறும். தவறாத கை எங்கே இருக்கிறது? தவறிய அந்த நிமிடத்திலேயே சொல்லுங்கள்! குரல் நடுங்கினாலும் சொல்லுங்கள்! கூட்டம் பார்த்தாலும் சொல்லுங்கள்! அவமானம் ஒரு நாளில் ஆறும். நீங்கள் சொல்லாமல் விட்ட ஒவ்வொரு நாளும், எங்கோ ஓர் இழுப்பறையில், எங்கோ ஒரு பழைய தொலைபேசியில், யாருக்கோ உயிரான ஒன்று சத்தமில்லாமல் அழிந்துகொண்டிருக்கும்.

இந்தக் கனத்த கதையைப் பொறுமையோடு தாங்கிய தலைவருக்கும், கண் துடைத்துக்கொண்டே கேட்ட தாய்மார்களுக்கும், இடம் தந்த பள்ளிக்கும் என் நன்றி. திருவிழா தொடங்கட்டும். அம்மா காசில்தா, நீங்கள் சொன்னபடி மூன்று பெயரையும் சொல்லிவிட்டேன். அந்த மன்னிப்பை நான் மறுபடி கேட்கவில்லை. நீங்கள் கேட்கலாம் என்று சொல்லும் நாள்வரை கேட்கவும் மாட்டேன். எல்லோருக்கும் வணக்கம்.