ஜேபஸ் ஊதிய பந்து

கதவைச் சாத்துங்கள். கணப்பில் இன்னும் நாலு கரியைத் தள்ளுங்கள். கிளெம், நீ கோல் கீப்பர். உனக்கு இந்தக் கதை ஆகாது. வேண்டுமானால் காதைப் பொத்திக்கொள்.

"இன்னிக்கு ஏழு கோல் வாங்கினேன். அப்பவே எதையும் பொத்தலை. இப்ப எதுக்கு?" என்றான் கிளெம்.

சரி, கேள்.

டிசம்பர். சாயங்காலம் ஐந்து மணி. கண்ணாடி செய்கிற ஊரிலிருந்து நம் மில் ஊருக்கு வருகிற மேட்டுப் பாதை. இரண்டு பக்கமும் கல் சுவர். இருட்டு. ஆள் இல்லை, ஆடு இல்லை... ஒரே ஒருவன் மட்டும் நடந்து வருகிறான். கக்கத்தில் ஒரு பந்து.

அவன் ஈனாக். எனக்கு இதைச் சொன்ன நம் ஆம்ப்ரோஸின் தாய்மாமன். ஆம்ப்ரோஸ் பொய் சொல்ல மாட்டான். அதற்கு வேண்டிய மூளை அவனுக்குக் கிடையாது.

ஈனாக் முதலில் நெசவாளி. தறியில் நிற்கும்போதே பக்கத்துத் தறிக்காரனின் காலை உதைத்துக்கொண்டிருப்பானாம். அந்தத் திறமையைப் பார்த்துத்தான் அணியில் சேர்த்தார்கள். ஆரம்பத்தில் கறி அடைத்துச் சுட்ட ஒரு அப்பத்துக்கும் இரண்டு குவளை பீருக்கும் ஆடினான். பிறகு மில் முதலாளி அவனைத் 'தறி மேற்பார்வையாளர்' ஆக்கினார். காசுக்குப் பந்தாடுவது அப்போது தப்பு. மேற்பார்வை பார்ப்பது தப்பில்லை. எந்தத் தறி என்று அவனுக்கும் தெரியாது, தறிக்கும் தெரியாது.

அவனுக்குப் பந்தை உருட்டிக்கொண்டு போகத் தெரியாது. தோள் மட்டும்தான் தெரியும். பந்து கையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கீப்பரை இடிக்கலாம் என்பது அன்றைய சட்டம். ஈனாக் சட்டத்தை மதிக்கிறவன். ஒரு ஊர் கீப்பருக்குத் தாடை போயிற்று. இன்னொருவனின் பல் ஒன்று இவன் தோளிலேயே தங்கிவிட்டது. அதை எடுக்கவிடாமல், பீர்க்கடையில் சட்டையைக் கழற்றிக் காட்டுவான்.

அன்றைக்குக் கண்ணாடி ஊர் கீப்பர் ஜேபஸ். உலையடியில் கண்ணாடி ஊதுகிறவன். கன்னம் இரண்டும் தோல்பை மாதிரி தொங்கும். பந்துக்குள்ளே பன்றியின் மூத்திரப்பைதானே? மற்ற ஊர்களில் மூன்று பேர் மாறி மாறி ஊதுவார்கள். ஜேபஸ் புகைபிடிக்கிற குழாயின் காம்பைச் செருகி... ஒரே மூச்சு. பந்து கல்லாகிவிடும்.

அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் முடிந்ததும் ஊதியவனே முடிச்சை அவிழ்த்து, மூக்கருகே பிடித்து, தன் மூச்சைத் திரும்ப வாங்கிக்கொள்வான். ஊதிப் பிழைக்கிற ஜனம். மூச்சை வெளியூருக்குக் கொடுத்தனுப்ப மாட்டார்கள். நம் ஊரில் அதெல்லாம் கிடையாது. கடைசி கோல் போட்டவனுக்குப் பந்து. அவ்வளவுதான்.

ஆட்டம் முடியப் போகிற நேரம். இரண்டு பக்கமும் சமம். பந்து உயரமாக வந்தது. ஜேபஸ் இரண்டு கையையும் தூக்கிப் பிடித்தான். விலா திறந்து கிடந்தது. ஈனாக் ஓடி வந்தான்.

நனைந்த பிரம்புக் கூடையை மிதித்தால் ஒரு சத்தம் வருமே... அது.

ஜேபஸ் கம்பத்தில் மோதி, பந்தோடு உள்ளே விழுந்தான். வாயில் சிவப்பாக ஒரு குமிழி. பெரிதாகிக்கொண்டே போனது. நடுவர் குனிந்து பார்த்தார். கோல் என்றார்.

ஜேபஸைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பீர்க்கடை மேசைமேல் போட்டார்கள். அவன் தம்பி ரூபன் நம் ஆட்கள் உடை மாற்றுகிற அறைக்கு ஓடி வந்து ஈனாக் முன்னால் நின்றான்.

"அண்ணன் மூச்சு விட முடியாமக் கெடக்கான்யா. அந்தப் பந்தைக் குடு. அவன் மூக்குகிட்ட அவுத்து விட்டுட்டு, தோலை உன்கிட்டயே தந்துடறேன்."

"கோல் போட்டது யாரு, உங்கண்ணனா?"

"ஒத்தை மூச்சுதான்யா கேக்கறேன். அவன் ஊதினதுதானே?"

"ஊரெல்லாம் சும்மாதானே காத்து அடிக்குது? போயி ஜன்னலைத் தொறந்து வையி."

ரூபன் பந்தைப் பிடித்து இழுத்தான். ஈனாக்கின் காலில் லாடம் அடித்த கட்டைச் செருப்பு. முழங்காலுக்குக் கீழே ஒரு உதை. எலும்பு வெளியே வந்து எட்டிப் பார்த்தது. விழுந்தவன் முகத்தில் இன்னொன்று.

அதற்குள் வெளியே கண்ணாடி ஊதுகிற இரும்புக் குழாய்களோடு ஊரே திரண்டுவிட்டது. நம் அணி கிடைத்த வண்டியில் ஏறித் தப்பியது. ஈனாக் மட்டும் பின்கதவு வழியாக, பந்தோடு மேட்டுப் பாதையில் ஏறினான்.

பாதி வழியில்தான் கேட்டது.

மூச்சு. ஈரமான மூச்சு. உள்ளே விசில் மாதிரி ஒரு கீச்சு... ஈனாக் நின்றான். அது நிற்கவில்லை. பின்னாலிருந்து வரவில்லை. கக்கத்திலிருந்து வந்தது. பந்து சூடாக இருந்தது. அவன் விலாவில் அழுத்தி, தளர்ந்து... அழுத்தி, தளர்ந்து... கண்ணாடி உலையில் மணல் உருகுகிற வாடை.

"எவன்டா அது?"

கத்தியை எடுத்துப் பந்தில் குத்தினான். கத்தி உள்ளே போயிற்று. காற்று வரவில்லை. உருவினால் கத்தி செக்கச் சிவந்திருந்தது. ரத்தத்தில் இல்லை, நெருப்பில். உள்ளங்கைத் தோல் பிடியோடு ஒட்டிக்கொண்டு போயிற்று.

அலறிக்கொண்டே பந்தை இருட்டுக்குள் உதைத்தான். ஒரு குதிப்பு. இன்னொரு குதிப்பு. அடுத்தது கேட்கவில்லை. யாரோ ஓடி வருகிற சத்தம்தான் கேட்டது. கனத்த ஆள். ஆணி வைத்த பூட்ஸ்.

ஈனாக் திரும்பி ஓடப் பார்த்தான். சுவரில் ஒரு இடைவெளி, இரண்டு பக்கமும் கல் கம்பம், பின்னால் பூட்டிய மரக்கதவு. அங்கே போய் முதுகு முட்டியது. இருட்டிலிருந்து பந்து உயரமாக வந்தது. யாராக இருந்தாலும் கை தானாக உயரும். தூக்கினான். பிடித்தான்.

விலா திறந்து கிடந்தது.

அந்த மேட்டில் ஒரு ஆட்டிடையன் குடிசை உண்டு. கூடை நொறுங்குகிற அந்தச் சத்தம் விட்டு விட்டுக் கேட்டதாம். ஒவ்வொரு முறையும் அதற்குப் பின்னால், ஆளே இல்லாத வெளியில், ஆயிரம் பேர் ஆர்ப்பரித்தார்களாம். அவன் விடியும்வரை கதவைத் திறக்கவில்லை. புத்திசாலி.

காலையில் போய்ப் பார்த்தான். இரண்டு கம்பத்துக்கு நடுவில் ஈனாக் உட்கார்ந்திருந்தான். நெஞ்சு சட்டி மாதிரி உள்ளே போயிருந்தது. மடியில் பந்து. முடிச்சு அழகாக அவிழ்க்கப்பட்டிருந்தது. மூத்திரப்பை காலி. கண் மட்டும் திறந்து, ஆளைப் பார்த்தது.

ஜேபஸ் முந்தின சாயங்காலமே செத்துப்போயிருந்தான்.

ஈனாக் பிழைத்துக்கொண்டான். பேச்சு போய்விட்டது. அது இல்லாமலும் பந்தாடலாமே? பிப்ரவரியில் களத்தில் இறக்கினார்கள். ஆட்டம் முழுக்க ஓடினான். களைக்கவே இல்லை. முதலாளிக்குத் தாங்க முடியாத சந்தோஷம்.

"பாத்தீங்களாய்யா! மூச்சு வாங்குதா அவனுக்கு? இதுமாதிரி இன்னும் நாலு பேரைப் புடிச்சிட்டு வாங்க!"

பிறகு அந்த உறைபனிச் சனிக்கிழமை. ஆம்ப்ரோஸ் கோல் கம்பத்துக்குப் பின்னால்தான் நின்றான். குளிரில் எல்லார் வாயிலிருந்தும் மூச்சு புகையாக வந்தது. நடுவர் வாயில் புகை. வண்டிக் குதிரை வாயில் புகை. ஈனாக் வாயைத் திறந்தபடி ஓடி வந்தான். அந்த வாயில் மட்டும் ஒன்றுமே இல்லை.

எதிரணிக் கீப்பர் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான். பந்தைப் பார்க்கவில்லை. இடி விழுந்தது. கீப்பர் மல்லாந்தான். நடுவர் கோல் என்றார். எல்லாரும் தொப்பியை மேலே எறிந்தார்கள்.

ஈனாக் கைகொடுத்துத் தூக்கிவிடப் போகிறான் என்றுதான் ஆம்ப்ரோஸ் நினைத்தானாம். ஈனாக் மண்டியிட்டான். குனிந்தான். வாயை அவன் வாய்க்கு நேராக வைத்துக்கொண்டான். கீப்பர் விட்ட புகை மேலே போகவில்லை... ஈனாக்குக்குள்ளே போயிற்று. கொஞ்சம். இன்னும் கொஞ்சம். கடைசியில் கீழே கிடந்தவன் வாயில் புகை நின்றுபோனது.

ஈனாக் எழுந்து நின்றான். அவன் வாயிலிருந்து... மெல்லிசாக, வெள்ளையாக, ஒன்று வந்தது.