ரூக்ஸாரின் முன்னேற்றம்

பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்தில் செங்கம் சாலையில் ஆட்டோ கிடைக்காது. அதனால் அன்றைக்கு மட்டும் நான் கவுன்சிலிங்குக்கு யாருக்கும் நேரம் கொடுப்பதில்லை. மன்னியுங்கள் இன்ஸ்பெக்டர், நின்றுகொண்டே பேசுகிறேன்.

ரூக்ஸார் என்னிடம் வந்தபோது, கணவர் சுஹைலைப் பிரிந்து, சின்னக் குழந்தை சபாவோடு அம்மா வீட்டில் இருந்தாள். "நான் எதுக்கும் லாயக்கில்லைங்க மேடம்" என்றாள். தன்மதிப்பு பிறர் கொடுத்து வருவதல்ல, சின்னச் சின்னக் காரியங்களைச் செய்து முடிக்க முடிக்க உள்ளே ஊறுவது என்று நாங்கள் படித்திருக்கிறோம். தனியாக பஸ் ஏறச் சொன்னேன். ஸ்கூட்டர் பழகச் சொன்னேன். அவள் எதைச் சொன்னாலும் முகம் சுளிக்காமல் கேட்டேன். நிபந்தனையில்லாத ஏற்பு என்பார்கள். பிரிந்த புதிதில் ஒருமுறை குழந்தையோடு கிணற்றுமேட்டில் போய் நின்றுவிட்டுத் திரும்பியதை அந்த தைரியத்தில்தான் சொன்னாள்.

மெல்ல நிமிர்ந்தாள். ஆசிரமத்துக்குப் பக்கத்து லாட்ஜில் வரவேற்பு வேலை கிடைத்தது. ஒருநாள், "அடுத்த மாசத்திலேருந்து வரலைங்க மேடம். இனிமே நானே பாத்துக்குவேன்" என்றாள். "சபா என்னைப் பத்தி எல்லார்கிட்டயும் பெருமையா சொல்றா" என்று சிரித்தாள்.

வாழ்த்தி அனுப்பினேன். அவள் போனதும் நாற்காலிகளை இடம் மாற்றினேன். மறுபடி பழைய இடத்திலேயே போட்டேன். இருப்புக் கொள்ளவில்லை. யோசித்தபோது குறை புரிந்தது. அவளுடைய நம்பிக்கை குழந்தையின் வாயிலிருந்து வந்த இரவல். அந்த ஊன்றுகோல் இருக்கும்வரை உண்மையான வளர்ச்சி கிடையாது.

கீழ்பென்னாத்தூரில் இருந்த சுஹைலுக்குப் போன் செய்து கிணற்றைப் பற்றிச் சொன்னேன். "இப்பவுமா மேடம்?" என்று கேட்டார். போன வாரம்கூட, என்றேன். அவர் குழந்தையைக் கேட்டு வழக்குப் போட்டார். நீதிபதி என்னைத் தனியறையில் கூப்பிட்டுக் கேட்டபோதும், இதே குரலில் அதையே சொன்னேன். அந்த நாட்களில் அவள் எந்தக் கிணற்றுப் பக்கமும் போகவில்லை. அது பொய். எழுதிக்கொள்ளுங்கள்.

சபாவை அப்பாவிடம் கொடுத்துவிட்டார்கள். குழந்தை ஓயாமல் அம்மாவைக் கேட்டு அழவும், நான் சொன்னதில் சந்தேகப்பட்டு சுஹைல் உங்களிடம் வந்திருக்கிறார். நியாயம்தான்.

சொன்னது நான்தான் என்று ரூக்ஸாருக்கு இன்னும் தெரியாது. குழந்தை போனதும் வேலையை விட்டுவிட்டு என்னிடமே திரும்பி வந்தாள். இப்போது எந்தத் துப்பட்டா போடுவது என்பதைக்கூட என்னைக் கேட்டுத்தான் செய்கிறாள். அதை நான் பின்னடைவாக நினைக்கவில்லை. அடித்தளத்திலிருந்து கட்டுகிறோம்.

ஒரே ஒரு கவலை. பௌர்ணமி என்றாலும் இன்றும் வந்து என் கதவருகே நிற்பாள். என்னை இந்த ஸ்டேஷனிலேயே வைத்துக்கொண்டால் சில நாள் காத்திருந்து பார்ப்பாள். அப்புறம், நான் இல்லாமலே இருக்கப் பழகிவிடுவாள். அதை மட்டும் என்னால் தாங்க முடியாது.