மாடி ஜன்னல் மேலாளர்

பதவியேற்று ஓராண்டு நிறைந்த மகிழ்ச்சியில் வந்து, பேச்சு தன்னைப் பற்றித்தான் என்று தெரிந்ததும் நாற்காலியில் நெளிந்துகொண்டிருக்கும் இந்தப் பேருந்து நிறுவனத்தின் பொது மேலாளர் அவர்களே! சக்கரங்களைச் சுழல வைக்கும் சான்றோர்களே! எந்தச் சோப்புக்கும் மசியாத எண்ணெய்க் கறையோடு மல்லுக்கட்டும் தாய்மார்களே! பாதையிலும் பேச்சிலும் பிரேக் பிடிக்கத் தெரிந்த ஓட்டுநர், நடத்துநர் தோழர்களே! அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

புதிதாகப் பெரிய பொறுப்புக்கு வருபவர்களுக்குத் துணையிருந்து பயிற்சி தருவது என் தொழில். பெரிய பதவிக்கு வந்தவருக்குப் பயிற்சி எதற்கு என்று முன்வரிசை ஐயா முணுமுணுக்கிறார். உங்களுக்காகவே சொல்கிறேன், ஐயா.

உங்கள் மேலாளர் மெக்கானிக்காகச் சேர்ந்து பணிமனைப் பொறுப்பாளராக உயர்ந்தவர். காதா அது! கிளட்ச் முனகினால் கேட்கும், கியர் கிசுகிசுத்தால் கேட்கும். வீட்டில் கூப்பிட்டால் மட்டும் கேட்காது. அங்கே பலமாகக் கைதட்டுவது அவர் துணைவியார்தான் என்று நினைக்கிறேன்.

அப்பேர்ப்பட்டவருக்குப் பதவி உயர்வு வந்தது. அறை மாறியது, பழக்கம் மாறியதா? மாடி ஜன்னலுக்கு நேர் கீழே பணிமனை. வண்டி உள்ளே நுழையும், மேலிருந்து குரல் பாயும்: “பின்பக்கம் பேரிங்கைப் பாரு!” அத்தனை பேரும் பாதி வேலையில் அண்ணாந்து நிற்பார்கள். மாடியில் அவர் பார்க்கவேண்டிய புதிய வழித்தடத் திட்டம் தூங்கியது. கீழே அவருடைய பழைய இடத்துக்கு வந்த பொறுப்பாளர் அம்மையாருக்கோ தூக்கமே போனது. கைகட்டி வேடிக்கை பார்க்கவா அவர் வந்தார்? மாத முடிவில் வேலையை விட்டுப் போவதாக மேலாளரிடமே சொல்லிவிட்டார்.

ஆடிப்போனார் மனிதர். அம்மையாரைத் தேடிப்பிடித்து அமர்த்தியதே இவர்தானே! உதவி செய்ததற்கா இந்தத் தண்டனை என்று என்னிடம் புலம்பினார். எங்கள் தொழிலில் பதில் குறைவு, கேள்விதான் பிழைப்பு.

“எல்லாத்தையும் நீங்களே சொல்லிட்டா, அவங்க சொல்ல என்ன சார் இருக்கு?” என்றேன்.

மனிதர் எழுந்தார். நேராகப் போய் ஜன்னலைச் சாத்தினார்.

சாத்தியதும் சரியாகிவிட்டதா? அத்தனை சுலபமென்றால் எனக்கு எவர் சம்பளம் தருவார்! ஒரு காலை, கூட்டம் பிதுங்கும் நேரம். பிரேக்கில் சந்தேகம் என்று ஒரு வண்டியை அம்மையார் நிறுத்திவிட்டார். போக்குவரத்துப் பிரிவு பதறியடித்து மேலாளரிடம் ஓடியது. இறங்கி வந்து பார்த்தார். அவருக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ‘எடுங்க வண்டிய’ என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனாலும் அம்மையாரின் முடிவைத்தான் கேட்டார்.

“கழட்டிப் பாக்காம விடமாட்டேன் சார்.”

“அப்ப பாருங்கம்மா” என்று மாடியேறிவிட்டார்.

கழற்றினார்கள். பழுது இருந்ததா? இருந்தது என்கிறார் பின்வரிசைத் தம்பி. இல்லை தம்பி, கடுகளவும் இல்லை! வண்டி தங்கம். காத்திருந்த பயணிகள் திட்டித் தீர்த்தார்கள். இயக்குநர்கள் விளக்கம் கேட்டார்கள். சந்தேகம் இருந்தால் வண்டி போகாது, அதற்கான பொறுப்பு தன்னுடையது என்று பதில் சொன்னார் மேலாளர்.

மறுநாள் காலை இன்னொரு வண்டியில் ஏதோ சத்தம். அம்மையார் தலைகுனிந்து மாடியேறி வந்தார், இந்த ஒருமுறை மேலாளரே சத்தத்தைக் கேட்டுச் சொல்லிவிட வேண்டுமென்று. மேலாளர் நாற்காலியை விட்டு எழவில்லை.

“உங்களுக்கு என்னம்மா தோணுது?” என்றார்.

அன்பர்களே! சரியாகச் சொன்னவரை நம்ப எவராலும் முடியும். தவறிப்போனவரை, தவறிய மறுநாளே, தயங்காமல் நம்ப எத்தனை பேரால் முடியும்? பதவி ஆணை கையில் வந்த அன்றா அவர் மேலாளர் ஆனார்? பெரிய அறை கிடைத்த அன்றா? அந்தக் கேள்வியைக் கேட்ட காலையில் ஆனார்! அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

அம்மையார் போனாரா? இதோ, நடுவரிசையில் அமர்ந்து இவ்வளவு நேரமும் என்னை முறைத்துக்கொண்டிருக்கிறார். எழுந்து நில்லுங்கள் அம்மா, எல்லோரும் பார்க்கட்டும்! பொறுமையாய்க் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி சொல்லி, ஒலிவாங்கியை அவரிடமே கொடுத்து அமர்கிறேன். வணக்கம்.