முட்டிக்குக் கீழே தலையணை

இலவம்பஞ்சுத் தலையணையைத் துவைக்கக் கூடாது டாக்டர், வெயிலில் காயவைத்தால் போதும். அம்மாவுடையதைத் தினமும் காயவைத்துவிடுவேன். சுத்தத்தில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது.

அம்மா எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வருவதற்குள் சொல்லிவிடுகிறேன். மூட்டு மாற்றி ஆறு வாரமாகியும் வலது கால் ஏன் நீட்ட வரவில்லை என்று கேட்டீர்கள்.

ஆபரேஷனுக்கு முன்னால் எல்லாம் முறையாகத்தான் செய்தேன். சர்க்கரையைக் குறைத்தேன், சொத்தைப் பல்லைப் பிடுங்க வைத்தேன், மல்லசமுத்திரத்து வீட்டில் உட்காரும் கக்கூஸ் கட்ட வைத்தேன். பாப்பாயி மகளைப் போல யார் பார்ப்பார்கள் என்று ஊரே பேசியது. அது பொய்யில்லை.

மூன்றாம் நாள் வாக்கரைப் பிடித்து அம்மா பத்தடி நடந்தாள். உங்கள் பிசியோ பெண் ஜெர்லின் கைதட்டினாள். அம்மா உடனே போனை வாங்கி, அஸ்தம்பட்டியில் இருக்கும் என் அண்ணன் சிவக்குமாரைக் கூப்பிட்டாள். அவனுக்குக் கோழிப்பண்ணை இருக்கிறது.

"நடந்துட்டேன் சாமி. ரெண்டு மாசத்துல உன்ற ஊட்டுக்கே வந்தர்றேன். நீ சொன்னாப்புல இந்த ஊட்டுல தீவன மூட்டைய அடுக்கிக்க."

"அப்ப நானுங்கம்மா?" என்று கேட்டேன்.

"உனக்கென்ன, ஒண்டிக்கட்ட. எங்கயாச்சும் இருந்துக்க மாட்டயா?"

ஒண்டிக்கட்டை. நான் நர்சிங் சேர்ந்த நாலாவது மாதம் அப்பா பக்கவாதத்தில் விழுந்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரச் சொன்னது இவள்தான். அண்ணனைக் கூப்பிடவில்லை, அவன் படிக்க வேண்டுமாம். பதினோரு வருடம் அப்பாவுக்குப் பீத்துணி அலசினேன். என்னைப் பெண் கேட்டு வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பியதும் இவளேதான். எனக்கு வயிறு எரிந்தது டாக்டர், இப்போதும் எரிகிறது. ஆனால் நான் சத்தம் போடுகிற ஆள் இல்லை.

டிஸ்சார்ஜ் அன்று ஜெர்லின் இரண்டு முறை சொன்னாள். முட்டிக்குக் கீழே தலையணை வைக்கவே கூடாது, சுகமாக இருக்கும், ஆனால் கால் மடங்கினபடியே இறுகிவிடும் என்றாள். படுத்த படுக்கையாகக் கிடந்த அப்பாவைப் பார்த்துக்கொண்ட எனக்கு அதைச் சொல்ல வேண்டியதே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் தலையணையை முட்டிக்குக் கீழே வைத்தேன்.

"அப்பாடா, இப்பத்தான் சொகமா இருக்குது. நீ நல்லா இருப்ப சாமி" என்றாள்.

பயிற்சியைப் பற்றி அம்மா கேட்டபோது, "அசைக்க வேண்டாம்னு டாக்டரே சொல்லிட்டாருங்கம்மா" என்றேன். வீடு தேடி வந்த ஜெர்லினிடம், அண்ணன் வேறு ஆள் வைத்துவிட்டார் என்று சொல்லி வாசலோடு அனுப்பினேன். நாலாம் வாரம் அம்மா தானாகவே காலை நீட்டிப் பார்த்தாள். முடியவில்லை, அழுதாள். கண்ணைத் துடைத்துவிட்டு இன்னொரு தலையணையும் வைத்தேன். ஆட்டுக்கால் சூப்பை ஆற்றிக் கொடுத்தேன்.

நான் அவளை ஒருநாளும் அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை. இனி அவளால் தனியாக நடக்க முடியாது, அவ்வளவுதான். தன் மாடி வீட்டில் இப்படி ஒரு ஆளை வைத்துப் பார்க்க முடியாது என்று அண்ணன் நேற்று போனில் சொல்லிவிட்டான். தீவன மூட்டையும் வரவில்லை.

போலீஸுக்குச் சொல்வதானாலும் சொல்லுங்கள், தெய்வநாயகி என்று கையெழுத்துப் போட்டே தருகிறேன். அதற்கு முன்னால் ஒன்று மட்டும் செய்யுங்கள். அம்மாவுக்கு இடது முட்டியும் தேய்ந்திருக்கிறது, அதற்கும் ஒரு தேதி கொடுங்கள். கூட இருந்து பார்த்துக்கொள்ள நான் இருக்கிறேன்.